தவிர்க்கக்கூடிய தூரம்

திரையில் கஸ்பார் பத்திரமாக இருந்தான். அதைப் பார்க்கப் பார்க்கத்தான் செலினுக்கு வயிறு எரிந்தது.

சந்தியாகுபுரத்து மீன் ஏலக்கூடத்தின் சுவரில் கடல் எரிபொருள் ஆணையம் மாட்டி வைத்த பெரிய திரை அது. ஊரின் ஒவ்வொரு படகும் அதில் ஒரு பச்சைப் புள்ளி. காற்று திரும்பியதும் மற்றப் புள்ளிகளெல்லாம் கரைக்கு ஓடி வந்து ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. ஒன்றே ஒன்று மட்டும் கரைக்குக் கொஞ்சம் தள்ளித் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டால் எழுத்து வந்தது. 'கஸ்பார். படகு நகர்கிறது. நலம்.'

"நலமாம்ல, நலம்!" என்றாள் செலின். ஏலம் கூறிக் கூறித் தடித்துப்போன குரல். கூடத்தில் வலையை உதறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு அவள் முகத்தைப் பார்க்க மாட்டாமல் வலைக்கே திரும்பினார்கள்.

அவள் புருஷன் அந்தப் புள்ளியில் இல்லை. அது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அவன் விடியலில் போனது அதற்கு வெகு தூரம் தாண்டி, நெடும்பார் என்கிற கடலடிப் பாறைத்திட்டுக்கு. கூட வருகிறவனுக்குக் காய்ச்சல் என்று அன்று தனியாகப் போயிருந்தான். மத்தியானத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டியவன், பொழுது சாயப் போகிறது, இன்னும் வரவில்லை. கச்சான் காற்று கடலைப் போட்டு உழுதுகொண்டிருந்தது.

புள்ளி ஓரிடத்திலும் ஆள் வேறிடத்திலும் இருப்பது எப்படி என்றால், டீசல் வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கடலுக்குப் போகிற டீசலுக்கு வரி என்று முதலில் அரசு சொன்னபோது அதை அநியாயம் என்று செலின் சொல்லவில்லை. கடல் சூடாகிக்கொண்டே போனது, கரையோர மீன் குளிர்ந்த தண்ணீரைத் தேடி ஆழத்துக்குப் போய்விட்டது, இதை மீன் விற்கிறவளுக்கு யாரும் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. ஊர்க்கூட்டத்தில் ஆம்பிளைகள் குதித்தபோது அவள்தான் எழுந்து, "போடட்டும். எரிக்கிறவன் குடுக்கட்டும். அந்தத் துட்டுல நமக்கு பேட்டரி படகு தாராவளாம்ல" என்று வாதாடினாள். கஸ்பார் பின்னால் உட்கார்ந்து, "எம் பொஞ்சாதி மந்திரியாவப் போறா" என்று சிரித்தான்.

அப்புறம் வந்ததுதான் கூத்து. சும்மா வரி போட்டால் பணக்காரன் கட்டிவிட்டு எரிப்பான், ஏழை செத்துப்போவான், ஆகையால் வீணாக எரிக்கும் டீசலுக்கு மட்டும்தான் வரி என்று ஆணையம் ஒரு புதுமை செய்தது. பக்கத்தில் மீன் இருக்கும் இடம் எது என்று செயற்கைக்கோள் தினமும் காலையில் சொல்லும். அந்த இடம் வரைக்கும் போய் வந்தால் வரி கிடையாது. அதைத் தாண்டி ஓட்டினால், தாண்டிய ஒவ்வொரு மைலும் 'தவிர்க்கக்கூடிய தூரம்'. மைலுக்கு மைல் வரி ஏறும். யார் எவ்வளவு தாண்டினார் என்று பார்க்கப் படகுக்கு ஒரு பெட்டி. அதற்கு 'நெய்தல் நண்பன்' என்று பெயர் வைத்தார்கள். ஆபத்து என்றால் அமுக்குவதற்கு ஒரு சிவப்புப் பொத்தானும் அதிலேயே இருந்தது. பெயர் வைப்பதில் மட்டும் நம்மவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

செயற்கைக்கோள் சொன்ன இடத்தில் மீன் இருந்தது உண்மை. ஊர்ப் படகெல்லாம் ஒரே இடத்தில் போய் விழுந்தால் அது எத்தனை நாளைக்கு இருக்கும்? வெறும் பொடிச் சாளைதான் மிஞ்சியது. சீலா மீனும் பாறை மீனும் நெடும்பாரில் கிடந்தன. பேட்டரி படகு வந்ததா என்றால், வந்தது. மொத்தம் இரண்டு. மாலை போட்டு, தேங்காய் உடைத்து, ஆணையத்து அலுவலக வாசலில் நிறுத்தினார்கள். இன்றைக்கும் அங்கேதான் நிற்கின்றன, பூந்தொட்டிகளுக்கு நடுவே.

இதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார்கள். ஆனால் ஆணையத்துக்கு யாரோ ஒரு புத்திசாலி ஓதியிருக்கிறான்: வரியைத் தனித்தனியாகப் போடாதே, ஊருக்குச் சேர்த்துப் போடு. ஒரு படகு எல்லை தாண்டினால் ஊருக்கே விகிதம் ஏறும். மறுபடியும் தாண்டினால் டீசல் குழாய்க்குப் பூட்டு. பக்கத்து வீட்டுக்காரனே பக்கத்து வீட்டுக்காரனைக் காவல் காப்பான் என்பது கணக்கு. ஆறே மாதத்தில் சந்தியாகுபுரத்தில் அண்ணனும் தம்பியும் பேச்சுவார்த்தை இல்லாமல் போனார்கள். ஒரு கல்யாணம் நின்றது.

அப்போதுதான் ஊர்க்கமிட்டித் தலைவர் சூசைமரியான், கஸ்பாரின் சொந்த அண்ணன், ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லாப் படகும் எல்லை வரைக்கும் ஒன்றாகப் போவது. அங்கே எல்லாருடைய பெட்டியையும் ஒரே படகில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் நெடும்பாருக்குப் போவது. பெட்டிகளை வாங்கிய படகு அவற்றை மிதவைகளில் கட்டி, மீன் பிடிக்கிற மாதிரியே அங்கும் இங்கும் மெதுவாக இழுத்துக்கொண்டிருக்க வேண்டியது. இதற்குப் பெட்டிக் காவல் என்று பெயர். முறை வைத்துக்கொண்டு செய்தார்கள், காவல் இருந்தவனுக்கு எல்லார் மீனிலும் ஒரு பங்கு. டீசல் ஏன் அதிகமாகிறது என்று நண்பன் கேட்டால், 'பழைய என்ஜின்' என்று ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அதற்கும் அதில் ஒரு பொத்தான் வைத்திருந்தார்கள். அதை யாரும் அப்போது யோசிக்கவில்லை. அண்ணனும் தம்பியும் மறுபடி பேசிக்கொண்டார்களே, அது போதாதா.

சிவப்புப் பொத்தானையும் சேர்த்துத்தான் கரையோரம் விட்டுவிட்டுப் போகிறோம் என்பதையும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அன்றைக்குப் பெட்டிக் காவல் சூசைமரியானின் முறை. எல்லாரும் திரும்பி வந்து தங்கள் பெட்டியை வாங்கிக்கொண்டார்கள். கஸ்பார் வரவில்லை. அலை எழும்பவே, தம்பியின் பெட்டியை மிதவையோடு நங்கூரம் போட்டுவிட்டுக் கரைக்கு வந்துவிட்டார்.

செலின் அவரை என்ஜின் கொட்டகையில் பிடித்தாள்.

"அத்தான், அந்தப் பெட்டிய அங்கன விட்டுட்டு வந்தியளே, என்ன நெனச்சி விட்டிய?"

"பின்ன என்னம்மா செய்ய? கரைக்குக் கொண்டாந்தா, பெட்டி வந்துட்டு, ஆளு எங்கன்னு கேப்பான்லா."

"கேக்கட்டும்! அதத்தான கேக்கணும்! இப்பம் அவன் கண்ணுல அவிய நல்லா இருக்காவ. நல்லா இருக்கவன எவன் தேடுவான்?"

"நாங்க தேடுதோம்." சூசைமரியான் டீசல் கேனைத் தூக்கிப் பார்த்தார். அடியில் கொஞ்சம்தான் குலுங்கியது. அன்றன்றைக்கு உரிய டீசலை அன்றன்றைக்குத்தான் குழாய் தரும், இனி காலையில்தான் திறக்கும். "உள்ளத எல்லாம் சேத்து ஊத்திட்டுப் போறோம். என் தம்பி அவன். தேடாம இருப்பனா?"

"அரை மணி நேரம் தேடுவிய. பொறவு இருட்டிரும். ஆணையத்துல பறக்குற மிசினு இருக்கு, இருட்டுலயும் பாக்குமாம். ஒரு வார்த்த சொன்னாப் போதும், அத்தான். பெட்டி அவியகிட்ட இல்ல, ஆளு நெடும்பாருல இருக்காவன்னு."

சூசைமரியான் கேனைக் கீழே வைத்தார். "ஒரு பெட்டி பொய்னா எல்லாப் பெட்டியும் பொய்தான. பழசெல்லாம் தோண்டுவான். குழாயப் பூட்டுனா இந்த ஊருல ஒரு அடுப்பு எரியாது. தேடுவோம் செலினு. சொல்ல மாட்டோம். நீயும் சொல்லப்படாது."

"ஒங்க தம்பி செத்தாலுமா?"

அவர் கேனைத் தூக்கிக்கொண்டு படகுக்கு நடந்தார். படகுகள் புறப்பட்டன. புறப்படுவதற்கு முன் ஒவ்வொருவனும் தன் பெட்டியைக் கழற்றி மணலில் வைத்துவிட்டுப் போனான். திரையில் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள்.

செலின் அந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஒரு எத்து எத்தினாள். ஒன்று உருண்டது. பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆணையத்து அலுவலகத்துக்கு நடந்தாள்.

அலுவலகத்தில் இளம்பரிதி மட்டும் இருந்தான். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன், இந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. நல்லவன் என்றுதான் ஊரில் பெயர். ஏலக்கூடத்துக்கு வந்தால் பேரம் பேசாமல் மீன் வாங்குவான். செலின் மூச்சு வாங்க நின்றதைப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்கக்கா. தண்ணி குடிங்க."

"தண்ணி வேண்டாம் சார். என் வீட்டுக்காரரு இன்னும் வரல."

அவன் கம்ப்யூட்டரைத் திருப்பிப் பார்த்தான். "படகு நகருதுங்களே. நகர்ற படகைக் காணாமப் போனதா எடுத்துக்க வழியில்லைங்க. இருந்தாலும் நீங்க சொல்றதால மிசினை அனுப்பி ஒரு சுத்துப் பாக்கச் சொல்றேன்."

"அங்கன பாத்து என்னத்துக்கு? அங்கன பெட்டிதான் இருக்கு. ஆளு நெடும்பாருல."

சொல்லிவிட்டாள். ஊரே கட்டிக் காத்ததை ஒரே மூச்சில் போட்டு உடைத்துவிட்டாள். உடைத்துவிட்டு, அவன் பதறுவான், போனை எடுப்பான், கத்துவான் என்று நின்றாள். இளம்பரிதி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"தம்பி, ஒனக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியுங்க. எங்க மேலதிகாரிக்குத் தெரியும். அவருக்கு மேல இருக்கறவருக்கும் தெரியும். அத்தனை படகும் ஒண்ணு பின்னாடி ஒண்ணு ஒரே வளைவுல திரும்புது. சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடிச்சிரும். பழைய என்ஜின்னு ஒரு பொத்தான் இருக்குதுல்ல, அதை எதுக்கு வச்சிருக்கோம்னு நெனைக்கறீங்க?"

"பொறவு ஏன் புடிக்கல?"

அவன் உட்கார்ந்தான். ஒப்பித்துப் பழகிய பாடத்தை வேண்டாவெறுப்பாகச் சொல்கிறவனைப் போலச் சொன்னான். "உங்க ஊர் போகாத தூரம் எல்லாம் மிச்சமான டீசல்னு கணக்காவுதுங்க. மிச்சமான டீசல்னா மிச்சமான புகை. அந்தப் புகையை விடற உரிமையை வெளிநாட்டு சிமெண்ட் கம்பெனிக்கு விக்கறோம். வித்த காசுலதான் ஆணையம் நடக்குது. என் சம்பளமும்தான். நீங்க தாண்டிப் போறீங்கன்னு எழுதினா, வித்தது பொய்னு ஆயிரும்."

"நாங்க மிச்சமே புடிக்கலியே. நெடும்பாருக்குப் போயிட்டுத்தான வாறோம்."

"ஆமாங்க."

"அப்பம் நாங்களும் எரிக்கோம். நாங்க எரிக்கலன்னு சொல்லி அவனும் எரிக்கான்."

"ஆமாங்க."

"வரி வேணும்னு கூட்டத்துல எந்திரிச்சு நின்னவ நான், தெரியுமால ஒனக்கு?" சார் போய், தம்பியும் போய், மரியாதையில்லாத 'ல' வந்துவிட்டது. "கடலு வேவுதேன்னு நின்னேன். நீங்க அதுல அடுப்பு மூட்டிக் காசு பாக்குதியளா? நாங்க பொய் சொன்னா வவுத்துக்குச் சொன்னோம். நீங்க அந்தப் பொய்ய வாங்கி வித்திருக்கிய!"

இளம்பரிதி குனிந்துகொண்டான். அந்தக் குனிந்த தலையைப் பார்க்க அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. குனிகிறவனை என்ன செய்வது? நிமிர்ந்து சண்டை போடுகிறவனாக இருந்தால் ஒரு அறை விடலாம்.

"அதெல்லாம் எக்கேடும் கெட்டுப் போவட்டும். அந்த மிசின நெடும்பாருக்கு அனுப்பு. நான் ஒண்ணும் பேசல. ஆள மட்டும் காட்டிக் குடு."

"மிசின் பெட்டி இருக்கற இடத்தைச் சுத்தித்தாங்க தேடும். வேற பக்கம் திருப்பணும்னா காரணம் எழுதணும்."

"எழுது."

"என்னன்னு எழுதட்டுங்க?" அவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். "அங்க ஆள் இருக்காருன்னு எழுதினா, பெட்டி பொய்னு எழுதின மாதிரி. அதை எழுத எனக்கு அதிகாரமில்லைங்க. கேட்டாலும் தர மாட்டாங்க. காலையில..."

"காலையிலயா? ஏல, அந்த மனுசன் தண்ணியில கெடக்காருல!"

இளம்பரிதி விசையைத் தட்டினான். அவனால் ஆனது அவ்வளவுதான். மிசின் மொட்டைமாடியிலிருந்து எழும்பி, எல்லைக்குப் போய், கஸ்பாரின் மிதவையை மூன்று தடவை பொறுப்பாகச் சுற்றிப் பார்த்தது. திரையில் எழுத்து வந்தது. 'பொருள் உள்ளது. அசைகிறது. நலம்.' பிறகு அது திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

நெடும்பார்ப் பக்கம் போன படகுகள் பாதி வழியிலேயே டீசல் தீர்ந்து, ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்தன. மறுநாள் குழாய் திறந்ததும் போனார்கள், அதற்கு மறுநாளும் போனார்கள். சூசைமரியான் கண் சிவந்து, சோறு இறங்காமல், யாரோடும் பேசாமல் தேடினார். அதைச் சொல்லாவிட்டால் பாவம். ஆனால் வாரக் கடைசியில் தெற்கே இருக்கிற ஊர்க்காரர்கள் இரண்டு பேர் ஒரு உடைந்த பலகையைக் கொண்டுவந்தார்கள். கஸ்பாரின் பெயர் பாதியும் மாதாவின் படம் பாதியும் அதில் இருந்தன. சூசைமரியான் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, நன்றி சொல்லி, பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு, பலகையை அடுப்பில் வைத்தார். அதையும் சொல்ல வேண்டும்.

"படகு ஒடஞ்சதுன்னு தெரிஞ்சா விசாரணை வரும்" என்று கமிட்டி சொன்னது. ஆகையால் கஸ்பார் சாகவில்லை. சாகாதவனுக்குப் பூசை கிடையாது, கல்லறையில் சிலுவை கிடையாது, துட்டி கேட்டு வருவார் கிடையாது. செலின் சத்தமாக அழக்கூடாது. அழுதால், பெண்கள் வந்து வாயைப் பொத்தினார்கள். அன்பாகத்தான் பொத்தினார்கள், அவர்களும் அழுதுகொண்டேதான் பொத்தினார்கள். கஸ்பாரின் பெட்டி மட்டும் தினமும் காலையில் மற்றப் பெட்டிகளோடு கடலுக்குப் போய், மத்தியானம் வீட்டுக்கு வந்தது.

பெட்டியும் எல்லையில் மிதந்தது, மாதங்களும் கடந்தன. செலின் ஏலம் கூறினாள். சாப்பிட்டாள். புருஷன் எப்படியிருக்கிறான் என்று வெளியூர் வியாபாரிகள் கேட்டால், நல்லா இருக்காவ என்றாள்.

பிறகு ஒருநாள் இளம்பரிதி அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரச் சொல்லவில்லை, அவனும் வரவில்லை.

"வர்ற ஞாயித்துக்கிழமை ஆணையத்து விழாங்க. ஒருத்தருக்குப் பரிசு. கம்ப்யூட்டர் எடுத்த பேரு. மாத்தணும்னா காரணம் எழுதணும்..."

அவன் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது.

சூசைமரியான் சாயங்காலம் வந்தார். "போயி வாங்கிட்டு வந்துருமா. ஒடம்புக்கு முடியல, அதான் அவன் வரலன்னு சொல்லிக்கலாம். மேடையில நிக்கது ஒரு நிமிசம்."

"சரி அத்தான்" என்றாள் செலின். அவ்வளவு சுலபமாகச் சம்மதிப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். பூந்தொட்டிகளோடு சேர்த்து ஒரு பேட்டரி படகையும் தூக்கி வந்து மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஆணையத்துத் தலைவர் சென்னையிலிருந்து வந்திருந்தார், கண்ணாடி போட்ட, அமைதியான பெரிய மனிதர். ஊரே உட்கார்ந்திருந்தது. இளம்பரிதிதான் அறிவிப்பு. தாளைப் பார்த்தபடியே வாசித்தான்.

"இந்தப் பருவம் முழுவதும் நாள் தவறாமல் கடலுக்குச் சென்றவர். தவிர்க்கக்கூடிய தூரம் ஒரு மைல்கூடச் செல்லாதவர். ஒரு சொட்டு டீசல்கூட வாங்காதவர். மாற்று எரிசக்திக்கு நம் மாவட்டத்தின் முன்னோடி..." அங்கே நிறுத்தினான். "திரு. கஸ்பார்."

யாரும் கைதட்டவில்லை. பிறகு கமிட்டி வரிசையில் யாரோ தட்ட, எல்லாரும் தட்டினார்கள்.

செலின் மேடையேறினாள். அட்டையில் செய்த பெரிய சாவி ஒன்றைத் தலைவர் நீட்டினார், பேட்டரி படகின் சாவியாம். "டீசலே இல்லாம எப்படிம்மா போறார் உங்க வீட்டுக்காரர்? பாய் கட்டியா? மத்தவங்களுக்கும் சொல்லுங்க" என்று சிரித்துக்கொண்டே மைக்கை அவள் பக்கம் திருப்பினார்.

அவள் சாவியை வாங்கவில்லை. முடியை அவிழ்த்து விட்டாள். மேடையின் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்தாள். நெஞ்சில் ஒரு அடி அடித்துக்கொண்டு, இத்தனை மாதமும் பொத்தி வைத்த வாயைத் திறந்தாள்.

"நெடும்பாருக்குப் போனவியளே... நேரத்துக்கு வரலியே... நீரு கெடந்த தண்ணியில ஒரு நாதி தேடலியே..."

யாரோ ஓடிப்போய் மைக்கை அணைத்தார்கள். ஏலக்கூடத்து இரைச்சலுக்கு மேலே கூவிப் பழகிய குரலுக்கு மைக் எதற்கு? பள்ளிக்கூடத்துச் சுவரில் பட்டு அது திரும்பி வந்தது. முன் வரிசையில் இருந்த ஒருத்தி எழுந்தாள். அன்றைக்குச் செலினின் வாயைப் பொத்தியவள்தான். மேடையேறி, செலினின் தோளைக் கட்டிக்கொண்டு தலையோடு தலை சேர்த்து அழுதாள். அடுத்தவள் எழுந்தாள். அப்புறம் யார் முதலில் யார் பின்னே என்றில்லாமல் ஊர்ப் பெண்கள் மேடை முழுக்க ஏறிவிட்டார்கள். ஆம்பிளைகள் துண்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தலைவர் கையில் சாவியோடு மேடையின் ஓரத்துக்கு ஒதுங்கினார். முன் வரிசையில் கமிட்டித் தலைவர் என்று அடையாள அட்டை மாட்டியிருந்தவரைக் கேட்டார்.

"என்னய்யா இது? யாராவது செத்துட்டாங்களா?"

சூசைமரியான் எழுந்து நின்றார். சுற்றிலும் பார்த்தார். ஊர் முழுதும் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வாயில்தான் எல்லாருடைய அடுப்பும் இருந்தது. செலின் ஒரு கணம் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லு பார்ப்போம் என்கிற பார்வை.

"ஆமாங்கய்யா" என்றார் சூசைமரியான். "என் தம்பி. நெடும்பாருல செத்தான். அவன் பெட்டி என் படகுல இருந்துச்சு."